மீன்சுருட்டி ஆயிரம்

தன் கொல்லையின் மூலையில் ஒரு கல் நின்றது என்பதைத் தவிர, கொளஞ்சியப்பன் அரசாங்கத்துக்கு வேறு எந்தக் கெடுதலும் செய்தவரில்லை. வரி கட்டினார், ஓட்டுப் போட்டார், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டார். ஜெயங்கொண்டத்துக்கு மந்திரி வந்தபோதெல்லாம் லாரியில் ஏறிப்போய்க் கை தட்டிவிட்டு வந்தார்.

மீன்சுருட்டிக்கு மேற்கே அவருக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை. பாதியில் முந்திரி, பாதியில் கடலை, கிழக்கு ஓரமாக ஒரு கிணறு. அதற்கும் கிழக்கே நல்லதம்பியின் நிலம். நல்லதம்பிக்கு நாற்பது ஏக்கர், ஒரு டிராக்டர், ஒரு செங்கல் சூளை, கூட்டுறவு சங்கத்தில் ஒரு நாற்காலி எல்லாம் இருந்தன. இந்த இரண்டு நிலங்களுக்கும் எல்லையாக இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் நின்றது. அதன் முகத்தில் ஒரு வட்டமும், வட்டத்தை மேலிருந்து கீழாகப் பிளக்கிற ஒரு கோடும் செதுக்கியிருந்தார்கள். மல்லாத்தி வைத்த சோழி மாதிரி இருக்கும். அதனால் அது சோழிக்கல். பத்திரத்திலும் ‘கிழக்கே சோழிக்கல் வரை’ என்றுதான் எழுதியிருந்தது. யார் நட்டது, எப்போது நட்டது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கல் நின்றது, அதனால் நல்லதம்பியின் டிராக்டர் அங்கே திரும்பியது. அவ்வளவு போதுமானதாக இருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு பொங்கல் கழிந்து சில நாளில் பெரம்பலூரிலிருந்து ஒரு ஜீப் வந்தது. அதன் கதவில் ‘வழக்கொழிந்த எண்குறிகள் மின்னுருவாக்க மையம்’ என்று எழுதியிருந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. செத்த நம்பர் ஆபீஸ் என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

உலகத்தில் மனிதர்கள் எழுதுவதை நிறுத்திவிட்ட எண்களைத் தேடிப் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அந்த மையத்தின் வேலை. அது ஏன் பெரம்பலூரில் இருந்தது என்றால், பெரம்பலூர் புதிதாக மாவட்டத் தலைநகரமாகியிருந்தது. அங்கே கட்டிய ஒரு கட்டடம் காலியாகக் கிடந்தது. காலிக் கட்டடத்துக்குள் வைக்க ஏதாவது ஒரு மையம் தேவைப்பட்டது. மையத்தில் ஓர் இயக்குநர், ஒரு துணை இயக்குநர், இரண்டு எழுத்தர்கள், ஒரு கம்ப்யூட்டர், அந்தக் கம்ப்யூட்டருக்காக ஒரு ஏ.சி. எல்லாம் வந்து சேர்ந்தன. செத்த எண் மட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கணக்கு முடிக்கிற மார்ச் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

துணை இயக்குநர் தமிழழகன் அன்றைக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஒன்றுக்குப் போவதற்காக ஜீப்பை நிறுத்தச் சொல்லி முந்திரி மரங்களுக்குள் போனார். அவர் தேர்ந்தெடுத்த இடத்தில் சோழிக்கல் இருந்தது. பாதியில் அவருடைய கண் கல்லின் முகத்தில் விழுந்தது. மையத்தின் ஆண்டறிக்கையில் இது ‘தீவிரக் கள ஆய்வின்போது’ என்று பதிவாகியிருக்கிறது.

அவர் போட்ட கூச்சலைக் கேட்டுக் கொளஞ்சியப்பனும் மனைவி உண்ணாமலையும் ஓடிவந்தார்கள். தமிழழகன் ஈரக் கல்லைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பெரியவரே, இது என்னன்னு தெரியுமா? ரோமாபுரிக்காரன் எழுதுன ஆயிரம். அவன் எம்-னு ஒரு எழுத்தப் போட்டு ஆயிரம்னு சொல்ல ஆரம்பிச்சதுக்கு முன்னாடி, இப்படித்தான் வட்டம் போட்டு நடுவுல கோடு இழுத்தான். இப்ப உலகத்துல ஒருத்தனும் எழுதறதில்ல.”

கொளஞ்சியப்பன் கிழக்கும் மேற்கும் பார்த்தார். “அவுங்க யாராச்சும் பங்கு கேட்டு வந்திருக்காங்களா சார்?” என்று கேட்டார்.

யாரும் வரமாட்டார்கள் என்று தமிழழகன் தைரியம் சொன்னார். அந்தக் காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் தன் தோப்புக்கு எல்லைக்கல் நட்டு எண் போட்டிருக்கலாம் என்று ஊகித்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பற்றி விளக்கினார். அதற்குள்ளே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வீட்டு நம்பர் உண்டாம். நம்பர் வாங்காத எழுத்து தெருவில்தான் நிற்க வேண்டுமாம். அப்படிப்பட்ட எழுத்தை அச்சடித்தால் அது வரவேண்டிய இடத்தில் ஒரு வெறுங்கட்டம் வருமாம். இந்த ஆயிரத்துக்கு நம்பர் வாங்க வேண்டும் என்றால் அது நிஜமாகவே புழக்கத்தில் இருந்தது என்று சான்று காட்ட வேண்டும். சான்று இந்தக் கல்தான்.

ஆகவே கல்லைப் பிடுங்க வேண்டும் என்றார்.

தமிழழகன் கேட்பதற்கு முன்பே நல்லதம்பி டிராக்டரையும் சங்கிலியையும் நான்கு ஆட்களையும் அனுப்பிவைத்தார். அறிவு வளர்ச்சியில் அவருக்கு இவ்வளவு அக்கறை உண்டு என்று ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. உண்ணாமலை மட்டும் குறுக்கே நின்றாள். கல்லை எடுத்துவிட்டால் எல்லை எங்கே என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறோம், ஒரே வாரத்தில் கொண்டுவந்து நட்டுவிடுகிறோம் என்று தமிழழகன் சொன்னார். போட்டோவும் எடுத்தார்கள். கல்லுக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நின்றார்கள்.

ஆடி மாதம் உழவு தொடங்கியபோது கல் நின்ற இடத்தில் ஒரு பள்ளம்தான் இருந்தது. நல்லதம்பியின் டிராக்டர் பள்ளத்தைத் தாண்டி வந்து, நாலைந்து சால் கூடுதலாக ஓட்டிவிட்டுத் திரும்பிப் போயிற்று. கொளஞ்சியப்பன் போய்க் கேட்டார். நல்லதம்பி கோபப்படவில்லை.

“எனக்கு என்னப்பா தெரியும்? கல்லு இருந்தா திரும்பியிருப்பேன்” என்றார்.

கொளஞ்சியப்பன் பஸ் ஏறினார். ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர் என்று மூன்று பஸ். முதலில் போனது திங்கட்கிழமை. இயக்குநர் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிருந்தார். அடுத்துப் போனது வெள்ளிக்கிழமை. அன்றும் சிறுவாச்சூர். அம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும் திறந்திருப்பதால் அந்த இரண்டு நாளும் ஆபீஸ் மூடியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்று பியூன் விளக்கினார். செவ்வாய்க்கிழமை ஆய்வுக் கூட்டம். புதன்கிழமைதான் பார்க்க முடிந்தது.

காத்திருந்த நேரத்தில் அவர் தன் கல்லைப் பார்த்தார். அது வராந்தாவில், கக்கூஸ் கதவை ஒட்டி, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் தலையில் இரண்டு டீ கிளாஸ்கள். கிளாஸில் ஈ. வட்டத்தின் ஒரு பக்கம் முழுவதும், வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை இழுகி வைத்திருந்தார்கள். கோட்டுப் பள்ளத்தில் போண்டாச் சட்னி காய்ந்து பச்சையாக ஒட்டியிருந்தது. அடிப்பக்கம் எச்சில் தெறித்துச் சிவந்திருந்தது. கொளஞ்சியப்பன் துண்டை எடுத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்க, உள்ளே போய் வந்தவர்கள் கையை உதறிய தண்ணீர் கல் மேலும் அவர் மேலும் விழுந்துகொண்டிருந்தது.

இயக்குநர் முனைவர் சிவசுப்பிரமணியன் அவரை அன்பாக வரவேற்று நிற்கச் சொன்னார். கல்லைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு வருத்தம் படர்ந்தது.

“எங் கல்லு எங் கல்லுங்கிறீங்களே. உங்க நெலத்துல நின்னதுனால அது உங்க கல்லாயிடுமா? அது மானுடத்தோட சொத்து. உலகமே இந்த ஆயிரத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கு. நீங்க நாலு சால் கடலைக்காகக் கவலப்படறீங்க.”

அப்போது கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வளர்மதி எழுந்தாள். அவள் புதிதாக வேலைக்கு வந்தவள். ஆபீஸ் பழக்கம் இன்னும் பிடிபடவில்லை. இந்தக் குறிக்கு ஏற்கெனவே நம்பர் கொடுத்துப் பல வருடமாகிவிட்டது என்றும், நம் ஃபாண்டில் அது இல்லாததால்தான் கட்டமாக வருகிறது என்றும், வேறு ஃபாண்ட் போட்டால் வந்துவிடும் என்றும் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் போட்டும் காட்டினாள். திரையில் சோழி வந்து நின்றது.

கொளஞ்சியப்பனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “அப்ப வேல முடிஞ்சிதுங்களா? கல்ல எடுத்துக்கிட்டுப் போவட்டுங்களா?” என்றார்.

இயக்குநர் கையை நீட்டித் திரையை அணைத்தார்.

“வளர்மதி,” என்றார் இயக்குநர், “அது ரோமாபுரி ஆயிரம். இது மீன்சுருட்டி ஆயிரம். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கறதுதான் இதுல உள்ள பெரிய ஆய்வுப் பிரச்சினையே. வேற ஃபாண்ட் போட்டா வந்துடும்னு சொல்றியே, வந்துட்டா அப்புறம் நாம எதுக்கும்மா? இந்தக் கட்டடம் எதுக்கு? தீந்துபோன பிரச்சினைய யாராவது ஆய்வு பண்ண முடியுமா?”

மறுநாள் வளர்மதியைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, பினாயில், விளக்குமாறு இருப்புப் பிரிவில் போட்டார்கள். மீன்சுருட்டி ஆயிரத்துக்குத் தனி நம்பர் கேட்டு ஒரு முன்மொழிவு எழுதும் பணி தொடங்கியது. கூடவே இயக்குநர் வட்ட அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கையும் அனுப்பினார். உலகப் புகழ்பெற்ற ஓர் எண்ணைச் சோழிக்கல் என்று பாமரப் பெயரால் எழுதுவது அறிவுலகத்துக்கு அவமானம், இனி நில ஆவணங்களில் அந்த இடத்தில் உரிய குறியையே அச்சிட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

அப்போது நிலக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சியப்பன் தன் நிலத்துக்கு நகல் வாங்கியபோது ‘கிழக்கே’ என்று இருந்தது, ‘வரை’ என்று இருந்தது. நடுவில் ஒரு வெறுங்கட்டம் இருந்தது. இது என்ன என்று அங்கிருந்த அலுவலரைக் கேட்டார். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கட்டம் என்றால் நாலு பக்கமும் அடைத்திருக்கிறது, ஆகவே உங்கள் நிலத்துக்கு எல்லை இருக்கிறது என்பது உறுதி, எங்கே என்பதுதான் தெரியவில்லை என்று விளக்கினார்.

அந்த வருடம் முழுவதும் கொளஞ்சியப்பன் மாதா மாதம் பெரம்பலூர் போய்வந்தார். முன்மொழிவு தயாராகிக்கொண்டிருந்தது. அது தயாராகத் தயாராக நல்லதம்பியின் டிராக்டரும் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்து ஒன்று பிறந்தபோது அரியலூர் தனி மாவட்டமாயிற்று. கல் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது, கல்லுக்குரிய நிலம் அரியலூர் மாவட்டத்துக்குள் போய்விட்டது. இனிமேல் கல்லைக் கொடுப்பதானால் ஒரு மாவட்டம் இன்னொரு மாவட்டத்துக்குத்தான் கொடுக்க முடியும், தனி ஆளுக்குக் கொடுக்க விதி இல்லை என்றார்கள். அரியலூரில் மையத்தின் கிளை ஒன்று திறந்தது. தமிழழகன் அதன் தலைவரானார். வாடகைக் கட்டடம் வந்தது, பெயர்ப்பலகை வந்தது, இன்னொரு ஏ.சி.யும் வந்தது. உட்கார்ந்த கையோடு தமிழழகன், கல் அரியலூருக்குச் சொந்தம் என்று பெரம்பலூருக்கு எழுதினார். நேற்றுவரை ஒரே தட்டில் போண்டா தின்றவர்கள் ஒருவருக்கொருவர் ‘கடுமையான ஆட்சேபம்’ தெரிவித்துக்கொண்டார்கள்.

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. கல்லை இரண்டாக அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது என்று முடிவு.

நிலத்துக்காரர் என்ற முறையில் கொளஞ்சியப்பனைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். துறையூர் ரோட்டில் ஒரு கிரானைட் பட்டறையில் அறுப்பு நடந்தது. ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, இயக்குநர் பேசினார்.

“மாவட்டம் பிரிஞ்சா நாற்காலி பிரியுது, ஃபேன் பிரியுது, பீரோ பிரியுது. கல்லு மட்டும் பிரியமாட்டேன்னா அது நிர்வாகத்துக்கே விரோதம். இன்னிக்கு நாம ஒரு கல்ல அறுக்கல. ஒரு மரபுச் சின்னத்த ரெண்டு மடங்காப் பெருக்கறோம்.”

கைதட்டினார்கள். ரம்பம் இறங்கியது. அறுபட்ட இடத்திலிருந்து பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வழிந்து கொளஞ்சியப்பனின் செருப்பு வரைக்கும் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் பல்லுக்குள் இறங்கியது. சாட்சி இடத்தில் கையெழுத்து வாங்கும்போது யாரோ கையில் மைசூர்பாகு கொடுத்தார்கள். அவர் அதை வெளியே வந்து கீழே போட்டார்.

ரம்பம் கோட்டுக்கு இடது பக்கமாக இறங்கியிருந்ததால் நடுக்கோடு வலது பாதியோடு போய்விட்டது. அந்தப் பாதி அரியலூருக்கு விழுந்தது. கோடும் வளைவுமாக அது டி எழுத்து மாதிரி இருந்தது. டி என்றால் ரோமாபுரிக் கணக்கில் ஐந்நூறு என்று தமிழழகன் பத்திரிகைக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார். பெரம்பலூருக்குக் கிடைத்தது வெறும் வளைவு. அது சி எழுத்து. சி என்றால் நூறு. ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு நூறோடு வீட்டுக்கு வந்த இயக்குநர் அன்று இரவு சாப்பிடவில்லை என்று பியூன் சொன்னார்.

இது இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தணிக்கை வந்தது. தணிக்கை அதிகாரி இருப்புப் பதிவைப் புரட்டினார். ஆயிரம் ஒன்று இருப்பு. அறுத்தபின் அரியலூரில் ஐந்நூறு, பெரம்பலூரில் நூறு. மீதி நானூறு எங்கே என்று சிவப்பு மையில் கேட்டு வைத்தார். நானூறு என்றால் நானூறு என்ன என்று யாரோ கேட்டதற்கு, அது தன்னுடைய துறை இல்லை, ஆனால் குறைகிறது என்பது மட்டும் உறுதி என்றார்.

இரண்டு ஆபீஸும் முதல் தடவையாக ஒற்றுமையாக யோசித்தன. காணாமல்போன நானூறு, கல்லைப் பிடுங்கிய இடத்திலேயே விழுந்திருக்க வேண்டும் என்று பதில் எழுதின. பதில் எழுதியபிறகு தேடாமல் இருக்க முடியாது.

தமிழழகன் ஆட்களோடு கொல்லைக்கு வந்தார். கடலை பிடுங்க இன்னும் சில நாள்தான் இருந்தது. உண்ணாமலை கும்பிட்டுப் பார்த்தாள். கடலை எடுக்கிறவரைக்குமாவது பொறுங்கள் என்று கேட்டாள். தணிக்கைக்குப் பதில் சொல்லக் கெடு இருக்கிறது, கடலைக்குக் கெடு இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். பிஞ்சும் காயுமாகச் செடிகள் வேரோடு மேலே வந்து விழுந்தன. முதலில் பள்ளத்தைத் தோண்டினார்கள், பிறகு பள்ளத்தைச் சுற்றித் தோண்டினார்கள், பிறகு எது பள்ளம் என்றே தெரியாமல் கொல்லையின் கிழக்குப் பக்கம் முழுவதையும் தோண்டினார்கள். ஒரு உடைந்த சட்டி, பாம்புச் சட்டை, நசுங்கிய பற்பசைக் குழாய் ஒன்று கிடைத்தன. நானூறு கிடைக்கவில்லை. ‘கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று கூற இயலாது’ என்று அறிக்கை எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் கொளஞ்சியப்பனும் உண்ணாமலையும் மண்ணில் கிடந்த பச்சைக் கடலையைக் கூடையில் பொறுக்கினார்கள். கடைசியில் உண்ணாமலை, “இவனுவொ எதத்தான்ங்க தேடுறானுவொ?” என்று கேட்டாள். அவர் கூடையை அடுத்த குவியலுக்கு நகர்த்தினார்.

மறு வருடம் அரியலூர் மாவட்டத்தை மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அரியலூர்க் கிளை மூடப்பட்டது. நாற்காலிகள் திரும்பின, ஏ.சி. திரும்பியது, தமிழழகன் திரும்பினார். ஐந்நூறும் ஒரு தள்ளுவண்டியில் திரும்பியது. இரண்டு பாதிகளையும் சிமெண்டு வைத்து ஒட்டச் சொல்லிக் கொத்தனாருக்கு ஓர் உத்தரவு போயிற்று. எந்தப் பாதி எந்தப் பக்கம் என்று கொத்தனார் கேட்டார். அரசு நடைமுறைப்படி அகர வரிசையில் வைக்கவும் என்று எழுத்தர் குறிப்பெழுதினார். அரியலூருக்கு ‘அ’, பெரம்பலூருக்கு ‘ப’. ஆகவே வலது பாதி இடது பக்கமும் இடது பாதி வலது பக்கமும் போயின. சிமெண்டு காய்ந்தபிறகு பார்த்தால் சோழியைக் காணவில்லை. இரண்டு தொந்திகள் முட்டிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது.

கொளஞ்சியப்பன் அதைப் பார்த்து விக்கித்துப் போய், கோணலாக ஒட்டிவிட்டார்கள் என்று இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் சிரித்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியைக் கொளஞ்சியப்பன் அதுவரை பார்த்ததில்லை.

“கோணல் இல்லீங்க, இதுதான் நேர். டி ஐந்நூறு, சி நூறு. பக்கத்துல பக்கத்துல வெச்சா ரோமாபுரிக் கணக்குல அறுநூறு. நம்ம கையில இருக்கறதும் அறுநூறு. நானூறு காணாமப் போகவே இல்ல. அது மொதல்லேருந்தே அறுநூறுதான். ஆயிரம்னு நாம தப்பாப் படிச்சிட்டோம். தவற ஒத்துக்கற பணிவு இந்த மையத்துக்கு உண்டு.”

தணிக்கை ஆட்சேபம் தீர்ந்தது. மீன்சுருட்டி ஆயிரத்துக்காக எழுதிய முன்மொழிவு, மீன்சுருட்டி அறுநூறு என்று தலைப்பு மாற்றப்பட்டு முதலிலிருந்து எழுதப்பட்டது.

இதற்குள் மையத்தைச் சின்னதாக ஒரு மாடிக்கு மாற்றினார்கள். கல்லை மேலே ஏற்ற வழியில்லை. உடனே இயக்குநருக்கு, தொன்மைப் பொருட்களை அவை கிடைத்த இடத்திலேயே பாதுகாப்பதுதான் உலக அளவில் சிறந்த முறை என்பது நினைவுக்கு வந்தது. கல்லைத் திருப்பி நட விழா ஏற்பாடாயிற்று.

கொளஞ்சியப்பன் அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். கல் எப்படி இருந்தால் என்ன, இடத்துக்கு வந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு. கொல்லையில் பந்தல் போட்டார்கள். ஒலிபெருக்கி கட்டினார்கள். வரவேற்புக் குழுத் தலைவராக நல்லதம்பி வெள்ளை வேட்டியில் நின்றார்.

எந்த இடத்தில் நடுவது என்ற கேள்வி வந்தது. தோண்டிப் போட்டதில் பழைய பள்ளம் இருந்த சுவடே இல்லை. நில ஆவணத்தில் பார்த்தார்கள், கட்டம் இருந்தது. போட்டோவைக் கொண்டுவந்தார்கள். அதில் தமிழழகன் தெளிவாகத் தெரிந்தார், டிரைவர் தெரிந்தார், நல்லதம்பியின் ஆட்கள் நால்வரும் தெரிந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் கல் இருந்திருக்க வேண்டும். கொளஞ்சியப்பன் ஓடிப்போய், “இங்கதாங்க, இங்கதான் இருந்திச்சு” என்று காலால் தட்டிக் காட்டினார். சம்பந்தப்பட்டவர் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தமிழழகன் அவரை விலக்கினார். வரவேற்புக் குழுத் தலைவரைக் கேட்டார்கள். நல்லதம்பி மெதுவாக நடந்து, மேற்கே வந்து, கிணற்றையும் தாண்டி நின்று, காலடியைக் காட்டினார்.

அங்கே நட்டார்கள். உண்ணாமலை கல்யாணமாகி வந்த வருடம், அவளும் கூடைமண் சுமந்து வெட்டிய கிணறு, நல்லதம்பியின் பக்கம் போய்விட்டது. நல்லதம்பி அன்றே கிணற்றில் மோட்டார் இறக்க ஆளுக்குச் சொல்லியிருந்தார்.

அப்போது இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“இந்த அறுநூறு இனிமே இந்த மையத்தோட பாதுகாப்புல இருக்கும். கல்லச் சுத்தி ஐம்பது அடிக்கு யாரும் உழக்கூடாது, நடக்கக்கூடாது, கெணறு இருந்தா தண்ணி எடுக்கக்கூடாது. மக்கள் பொழங்குனா மரபு கெட்டுடும். மக்கள்கிட்டேருந்து காப்பாத்தறதுக்குப் பேருதான் பாதுகாப்பு.”

நல்லதம்பியின் முகம் சுருங்கியது. அவர் வளைத்துப் பிடித்த நிலம் முழுவதும், கிணறும் சேர்த்து, அந்த ஐம்பது அடிக்குள் அடங்கியிருந்தது. அவர் மேடைக்குக் கீழே நின்று என்னவோ சொல்லப் பார்த்தார். அதற்குள் அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். அடுத்து, கல்லுக்குக் கௌரவக் காவலராகக் கொளஞ்சியப்பனை நியமிப்பதாக அறிவித்து, அவர் சட்டையில் ஒரு பித்தளை வில்லையைக் குத்தினார்கள். சம்பளம் கிடையாது. வளையத்துக்குள் யாராவது நுழைந்தால் மாதா மாதம் வந்து மையத்தில் சொல்ல வேண்டும். கல் அசைந்தாலும் அவர்தான் பொறுப்பு. தன் நிலத்தைத் தின்ற கல்லைத் தானே காவல் காக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிய அன்று முழுவதும் ஆயிற்று. புரிந்தபோது வில்லை குத்திய இடத்தில் நெஞ்சு எரிந்தது.

கல்லைச் சுற்றி ஐம்பது அடிக்கு மையம் வேலி போட்டது, உள்ளே கருவேலம் முளைத்தது. நல்லதம்பி சில மாதம் பெரம்பலூருக்கு அலைந்தார். மாடி வராந்தாவில், கொளஞ்சியப்பன் உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். சிறுவாச்சூரிலிருந்து இயக்குநர் எப்போது வருவார் என்று மட்டும் ஒரு தடவை நல்லதம்பி கேட்டார். கொளஞ்சியப்பன் சொன்னார்.

உண்ணாமலை ரோட்டோரத்துக் கைபம்பிலிருந்து தண்ணீர் சுமந்தாள். சித்திரையில் கைபம்பு காற்றை இறைத்தது. முந்திரிக் கன்றுகள் கருகின. மாடு தொட்டியை நக்கிக்கொண்டு நின்றது. ஒரு நாள் காலையில் அவள் குடத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வேலியை அரிவாளால் தள்ளிவிட்டு உள்ளே நடந்தாள். கொளஞ்சியப்பன் வரப்பில் வில்லையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் பெரம்பலூரில் தமிழழகன்தான் விசாரித்தார். அவர் வாயில் வெற்றிலை இருந்தது. சுண்ணாம்பு விரலை மேசையின் அடிப்பக்கத்தில் துடைத்துக்கொண்டே, வழக்கம்போல ஒன்றுமில்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்றார்.

“இல்லீங்க. ஒருத்தங்க உள்ள வந்தாங்க” என்றார் கொளஞ்சியப்பன்.

தமிழழகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மையம் தொடங்கி இத்தனை வருடத்தில் முதல் அத்துமீறல். “யாரு?”

“எம் பொண்டாட்டி.”

“என்ன பண்ணுச்சு?”

“தண்ணி சேந்துச்சு.”

“காவலர்னு உங்கள எதுக்குய்யா வெச்சிருக்கோம்? அது தண்ணி சேந்தறப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

“நானுங்களா?” கொளஞ்சியப்பன் சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “கொடத்தத் தூக்கி அவ இடுப்புல வச்சி விட்டேன். நாளைக்கும் சேந்துவோம். அதையும் சேத்து எழுதிக்குங்க சார்.”